அரிசி மூட்டை இறங்கிய பிறகு

வடசென்னையில் பசித்தவருக்குச் சோறு போடுவதில் எந்த மதத்தவரும் பின்வாங்கியதில்லை. ஆடி மாதம் பிறந்தால் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் வார்க்கிறார்கள். நோன்புக் காலத்தில் பள்ளிவாசல் முன் தூக்குவாளியோடு கஞ்சிக்கு நிற்கும் சிறுவர்களில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். வெள்ளம் வந்தால் தேவாலயக் கூடங்கள் இரவோடு இரவாகத் திறக்கின்றன. இவற்றை நான் சிறிதும் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் எங்கள் கத்தோலிக்கத் தேவாலயப் பங்கின் நீதி அமைதிப் பணிக்குழுவில் நெடுங்காலம் இருந்து பார்த்ததில் எனக்கு உறுதியாகிவிட்ட ஒன்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன். சோறு போடுகிற சபை, அந்தச் சோறு ஏன் தேவைப்படுகிறது என்ற கேள்வியையும் அதே மக்களோடு உட்கார்ந்து கேட்க வேண்டும். கேட்காத வரை அதன் பணி பாதியிலேயே நிற்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபையில் இந்தப் பணிக்கென்று ஓர் அமைப்பை 1967-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் ஏற்படுத்தினார். அதன் வழியில் மறைமாவட்டங்களிலும் பங்குகளிலும் பணிக்குழுக்கள் வந்தன. பல இடங்களில் அவை ஆண்டுக்கொரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மறையுரையோடு முடிந்துவிடுகின்றன என்பது எனக்குத் தீராத வருத்தம். ஏனெனில் இந்த மண்ணுக்கு இது புதிய வேலை அன்று. வழிபாட்டுக்காகக் கூடியவர்கள் நீதிக்காகவும் எழுந்த வரலாறு இங்கே நூறாண்டுக்கு மேற்பட்டது.

பெரம்பூரில் வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்றொரு பக்திச் சபை இருந்தது. செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்ற இரு வணிகர்கள் அதை நடத்தினார்கள். பக்கத்திலிருந்த பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலைகளின் தொழிலாளர்கள் மாலையில் அங்கே சமயச் சொற்பொழிவு கேட்க வந்தார்கள். வந்தவர்கள், மதிய உணவுக்கு விடும் நேரம் போதாமல் ஓடுவதையும் மேலாளர்களிடம் படும் அடியையும் வசையையும் அந்த இருவரிடம் சொன்னார்கள். கேட்டுக்கொண்டவர்கள் ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கலாம், இதெல்லாம் வினைப்பயன் என்றும் சொல்லியிருக்கலாம். அவர்களோ ஊரில் செல்வாக்குள்ளவர்களைத் தேடி அலைந்தார்கள். சைவத்தில் தோய்ந்த திரு.வி.க. அந்தச் சபை மேடையிலேயே தொழிலாளர் சங்கத்தின் தேவையைப் பேசினார். பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி. வாடியா தலைமை ஏற்றார். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. முறையாக அமைக்கப்பட்ட இந்தியத் தொழிற்சங்கங்களில் முதலாவது என்று பலரும் குறிப்பிடும் சங்கம் அது. நிர்வாகம் வாடியாமேல் தொடுத்த வழக்கினால் எழுந்த விவாதமும் 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு ஒரு காரணமாயிற்று. பஜனைக்குக் கூடிய இடத்திலிருந்து ஒரு நாட்டின் சட்டம் வரை நீண்ட இந்தப் பாதையை, பெரம்பூரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளே அறியாமல் இருக்கிறார்கள். மறைக்கல்வி வகுப்பில் நான் இதைத் தவறாமல் சொல்கிறேன்.

அந்தக் கதையை 1918-உடன் நிறுத்திவிடுவது நேர்மையாகாது. 1921-இல் அதே ஆலைகளில் மாதக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தத்தின்போது, ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் பணிக்குத் திரும்பினார்கள். அதைத் தொடர்ந்து புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, கலவரம் மூண்டது, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. வேலைக்குப் போனவர்களைத் துரோகிகள் என்று சொல்வது அன்றைக்கு எளிதாக இருந்தது. ஆனால் கையிருப்பு எதுவுமில்லாத, கடன் கொடுப்பாரும் இல்லாத, ஊருக்குள் சமமாக நடத்தப்படாத ஒரு மக்கள், தங்களை ஒதுக்கிவைத்தவர்கள் அழைக்கும் போராட்டத்துக்காக எவ்வளவு காலம் பட்டினி கிடக்க வேண்டும் என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. ஆலை நிர்வாகமும் அரசும் அந்தப் பிளவைப் பயன்படுத்திக்கொண்டன என்பது உண்மைதான். அதற்கு முன்பே பிளவு அங்கே இருந்தது என்பதும் உண்மை. சாதியைத் தொடாமல் நீதி பேசுகிற எந்தக் குழுவும், அது சிலுவையை வைத்திருந்தாலும் செங்கொடியை வைத்திருந்தாலும், புளியந்தோப்பை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் கல்லறைத் தோட்டங்களிலும் திருவிழாத் தேர் செல்லும் தெருக்களைத் தீர்மானிப்பதிலும் சாதி இன்னும் உட்கார்ந்திருக்கும் தமிழ்நாட்டில், இது கிறிஸ்தவர்களாகிய எங்களுக்கு வெளியாள் சொல்ல வேண்டிய செய்தியும் அன்று.

சாதியைப் பற்றிய அந்தக் கேள்வியை முதலில் வைத்தவர்களும் இந்தப் பகுதியிலேயே இருந்தார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் தொடங்கிய சாக்கிய பௌத்த இயக்கம் பெரம்பூரிலும் வேர் பிடித்தது. பேராசிரியர் லட்சுமி நரசு அங்கே பௌத்தத்தைச் சமத்துவத்தின் அறமாகப் போதித்தார். மீனவக் குடும்பத்தில் பிறந்து, 1923-இல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய சிங்காரவேலரும் அதற்கு முன்பு பௌத்த வட்டத்தில் தீவிரமாக இயங்கியவர்தாம். பிற்காலத்தில் வியாசர்பாடியில் சலேசிய துறவற சபையைச் சேர்ந்த இத்தாலியக் குரு மாந்தோவானி ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் ஆற்றிய தொண்டை முதியவர்கள் இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள். பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்த குடும்பங்கள் வந்து குடியேறிய பகுதி அது.

இன்றைக்கு வருகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் கலந்து வந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. வீட்டுச் சுவர்களில் இடுப்பளவுக்குக் கறுப்புக் கோடு விழுந்தது. படகும் வலையும் பிசுபிசுத்தன. அலையாத்திச் செடிகளின் வேர்களில் எண்ணெய் படிந்தது. அது வடிவதற்குள், அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறி இருட்டில் ஓடினார்கள். ஒரே மாதத்தில் வெள்ளமும் எண்ணெயும் நச்சுவாயுவும் ஒரே மக்கள்மேல் இறங்கின. சாம்பல் கழிவும் அனல் மின் நிலையங்களின் புகையும் அதற்கு முன்பே அங்கிருந்தன.

அந்த வாரங்களில் எங்கள் குழு அரிசியும் போர்வையும் கொண்டுபோனது. முகத்துவாரத்துக்கு அருகே மீன் விற்கும் ஒரு பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு, “டீச்சரம்மா, அரிசி குடுத்தீங்க, நல்லா இருக்கணும். வலையெல்லாம் எண்ணெயா கெடக்குதே, அதக் கேக்க யாரு வருவாங்க?” என்றார். அவர் எங்களைக் குறை சொல்லவில்லை. வந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் எங்கள் குழு வேறு விதமாக வேலை செய்யத் தொடங்கியது.

அந்த வேலையில் பெரிய காட்சி எதுவும் கிடையாது. அரசு நிவாரணம் அறிவித்தபோது படகு உள்ளவரும் சங்க அட்டை உள்ளவரும் பட்டியலில் எளிதாக இடம்பெறுவார்கள். ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர், கூடையில் மீன் சுமந்து தெருவில் விற்கிற பெண், வலை பின்னிக் கூலி வாங்குகிற கிழவர் ஆகியோரின் தொழிலுக்குத் தாள் எங்கே இருக்கிறது? அவர்களை வீடு வீடாகப் பார்த்து, என்ன தொழில், எத்தனை நாள் வருமானம் போயிற்று, எந்த மருத்துவமனையில் சீட்டு வாங்கினார்கள் என்று எழுதி, அவர்களே கையெழுத்திட்ட மனுக்களாக ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும். மனுவுக்கு ஏற்புச் சீட்டு வாங்க வேண்டும். பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும். எண்ணெய்க் கசிவைப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. ஆனால் தீர்ப்பாயத்தின் மேசைக்குப் போகிற தாள்களில் இந்த மக்களின் குரல் இருக்க வேண்டுமானால் யாரோ ஒருவர் முன்னதாக அவர்களின் திண்ணையில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்களும், பொறுமையுள்ள ஓய்வுபெற்றவர்களும் எல்லாப் பங்கிலும், எல்லா ஜமாஅத்திலும், எல்லாக் கோயில் குழுவிலும் இருக்கிறார்கள். அமோனியா கசிவுக்குப் பிறகு சுற்றுவட்டார மீனவ கிராமத்தார் மாதக்கணக்கில் போராட்டப் பந்தலில் உட்கார்ந்தபோது, மாதா சுரூபம் வைத்த வீட்டுப் பெண்களும் கங்கையம்மனைக் கும்பிடும் வீட்டுப் பெண்களும் ஒரே பாயில் இருந்தார்கள்.

அமைதி என்ற சொல்லை இங்கே பெரும்பாலும் காவல் நிலையம்தான் பயன்படுத்துகிறது. விநாயகர் ஊர்வலத்துக்கு முன்பு அமைதிக் குழுக் கூட்டம் கூட்டி, பங்குத்தந்தையையும் இமாமையும் கோயில் நிர்வாகியையும் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து அனுப்புவார்கள். அதுவும் தேவைதான். ஆனால் வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று முகவரி சொன்னவுடன் வேலை கொடுக்கத் தயங்குகிற முதலாளியிடமும், அடிதடி வழக்கு ஒன்றில் பெயர் வந்துவிட்டதால் காலத்துக்கும் குற்றவாளியாகப் பார்க்கப்படுகிற பத்தொன்பது வயதுப் பையனுக்காகவும் அந்தக் குழு பேசுமானால், அதை நான் முழு மனத்தோடு அமைதிக் குழு என்று அழைப்பேன். கொடுங்கையூரில் 300 ஏக்கருக்கும் அதிகமாகப் பரந்து கிடக்கும் குப்பைமேட்டின் புகையைச் சுவாசித்து வளர்கிற பிள்ளைகளைப் பற்றியும் அது பேச வேண்டும். குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையை அங்கேயே அமைக்கும் திட்டத்தை எதிர்த்துக் குடியிருப்போர் சங்கங்கள் எழுந்தபோது, வழிபாட்டிடங்களின் குரல் இன்னும் உரக்கக் கேட்டிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

கடைசியாக, எங்கள் குழுவுக்குள் இன்னும் முடியாத ஒரு விவாதம். தொழிற்சாலைகளின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து சமுதாயக் கூடம், தையல் இயந்திரம், மருத்துவ முகாம் ஆகியவற்றைப் பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்கிறோம். ஏழைகளுக்கு வருகிற நன்மையைத் தடுக்க நாம் யார் என்று குழுவின் மூத்தவர் ஒருவர் கேட்கிறார். அவருடைய அக்கறையை நான் மதிக்கிறேன், மருத்துவ முகாமுக்கு வரிசையில் நிற்கிற தாய்மாரை அவர் என்னைவிட நன்றாக அறிந்தவர். ஆயினும் எந்த ஆலையின் கழிவைப் பற்றி அடுத்த மாதம் மனு எழுதப்போகிறோமோ, அந்த ஆலையின் பெயர்ப்பலகை எங்கள் கூடத்தின் வாசலில் இருந்தால், மனுவில் கையெழுத்துப் போட வருகிற மீனவர் அந்த வாசலைத் தாண்டி உள்ளே வர மாட்டார். ஆகவே அந்தப் பணம் வேண்டாம் என்பதே என் வாக்கு. முகாமுக்கான செலவைப் பங்கு மக்களிடமும், உதவத் தயாராக இருக்கும் பள்ளிவாசல் நண்பர்களிடமும் திரட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் அதை முன்வைக்கப் போகிறேன்.