செல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்காகப் பெங்களூரில் ஒரு புற்றுநோய் ஆய்வகத்தில் சேர்ந்தேன். தங்கியது அல்சூரில். கடைத்தெருவில் தமிழ் சகஜம் என்பதால் கன்னடம் தெரியாதது பெரிதாக உறைக்கவில்லை. ஆய்வகத்திலும் பி.எச்டி. செய்யும் திருநெல்வேலி அக்கா ஒருவர் இருந்தார். ஆரம்பத்தில் எதையும் தொட விடவில்லை. "பாரு, எழுதிக்கோ, அது போதும்" என்பார்.

அப்புறம் கையில் தந்தது ஹீலா செல்களை. 1951இல் அமெரிக்காவில் ஹென்றியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றுக்கட்டியிலிருந்து, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்தவை. இன்னும் பெருகிக்கொண்டிருக்கின்றன. ஏறத்தாழ ஒரு நாளில் இரட்டிப்பாகும். அதுதான் நம் டைம்டேபிள். இரண்டு மூன்று நாளுக்கொரு முறை பிரித்துப் புதுப் பிளாஸ்கில் விட வேண்டும். அது ஞாயிறாக இருந்தாலும் சரி, பொங்கலாக இருந்தாலும் சரி. செல்கள் வளரும் சத்துக்கரைசலான மீடியத்தின் சிவப்பு மஞ்சளாகிவிட்டால் அமிலம் ஏறிவிட்டது, நீங்கள் தாமதம்.

எனக்குப் பிடித்தது டிரிப்சின், அதாவது ஒட்டியிருக்கும் செல்களைக் கழற்றிவிடும் நொதி, போடும் வேலை. பழைய மீடியத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, உப்புக்கரைசலில் ஒரு அலசு. மீடியத்தில் கலந்திருக்கும் சீரம் (ரத்த நீர்) மிச்சமிருந்தால் டிரிப்சின் பலிக்காது. டிரிப்சின் விட்டு 37 டிகிரி இன்குபேட்டரில் சில நிமிடம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், தரையோடு அப்பிக் கிடந்த செல்கள் உருண்டு நிற்கும். பிளாஸ்கின் பக்கவாட்டில் உள்ளங்கையால் லேசாகத் தட்டினால் கழன்று மிதக்கும். அந்த நேரத்தில் அம்மா போன் செய்தாலும் எடுக்க முடியாது. கூடுதல் நேரம் விட்டால் செல் சாகும்.

செல்லில் ஒரு குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட் சோதனை எனக்கு ஆகவே ஆகாது. ஜெல் ஊற்றி, அதில் புரதங்களை மின்சாரத்தால் ஓட்டி, மெம்பிரேன் என்ற மெல்லிய தாளுக்கு மாற்றி, தேடும் புரதத்தில் போய் ஒட்டும் ஆன்டிபாடியில் ராத்திரி முழுக்க 4 டிகிரியில் ஆடவிட்டு, இரண்டு நாள் போய்விடும். முடிவில் படம் வெறுமையாக வந்தால் அக்கா கேட்கும் முதல் கேள்வி, "போன்சோ போட்டுப் பார்த்தியா?" அந்தச் சிவப்புச் சாயம் மெம்பிரேனில் புரதம் ஏறியதா என்பதைச் சில நிமிடத்தில் காட்டிவிடும். ஏறவில்லையென்றால் அன்றே நிறுத்திவிடலாம்; ஆன்டிபாடியும் மிச்சம். அது விற்கும் விலைக்கு இது பெரிய விஷயம்.

புராஜெக்ட் முடிந்து கிளம்பும் முன் செல்களை உறைய வைத்துக் கொடுத்துவிட்டு வர வேண்டும். பனிக்கட்டி செல்லைக் கிழிக்காமல் காக்கும் டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவத்தை 10 சதவீதம் கலந்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் மைனஸ் 80க்கு இறக்கி, பிறகு திரவ நைட்ரஜனில். குழாயில் பெயர், தேதி, பாசேஜ் எண் (செல்களை எத்தனை முறை பிரித்தோம் என்ற கணக்கு) மூன்றையும் ஆல்கஹால் பட்டாலும் அழியாத பேனாவால் எழுதுங்கள். எங்கள் ஃப்ரீசரில் எழுத்து அழிந்த குழாய்கள் ஒரு டப்பா நிறையக் கிடக்கின்றன. யாருடையது என்று தெரியாது, தூக்கிப் போடவும் யாருக்கும் தைரியம் இல்லை.