தக், கூன், ஹூலிகன்: எல்லாரும் ரவுடிதானா?

தக் (thug), கூன் (goon), ஹூலிகன் (hooligan) என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் தமிழில் ரவுடி என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம், ஆனால் ஆங்கிலத்தில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் ஆளே மாறிவிடுவான். ‘கூன்’ என்பவன் யாரோ ஏவிவிட்டு அடிக்க வருகிறவன், நம் அடியாளேதான். ‘ஹூலிகன்’ கூட்டத்தோடு சேர்ந்து கண்ணாடியை உடைக்கிறவன், கால்பந்து மைதானத்து வாசலில் கலாட்டா செய்கிறவன். 1898-இல் லண்டன் பத்திரிகைகள் பரப்பிய சொல் அது.

எனக்கு உறுத்துவது ‘தக்’. இந்தியில் அதன் மூலச்சொல்லுக்கு ஏமாற்றுக்காரன் என்று பொருள். வழிப்போக்கர்களிடம் நட்பாகப் பழகி, கழுத்தை நெரித்துக் கொள்ளையடிப்பதாகச் சொல்லப்பட்ட கூட்டங்களை 1830-களில் ஸ்லீமன் என்ற ஆங்கிலேய அதிகாரி வேட்டையாடினார், அந்தப் பரபரப்போடு சொல்லும் ஆங்கிலத்தில் ஊன்றிக்கொண்டது, போகப்போக ஏமாற்று கழன்று முரட்டுத்தனம் மட்டும் மிஞ்சியது. இன்று அமெரிக்காவில் கறுப்பின இளைஞர்கள் மேல் இதை வீசுகிறார்கள் என்ற கண்டனம் இருக்கிறது, அது முழுக்க நியாயம் என்றே நினைக்கிறேன், அதனால் உயிரோடிருக்கும் எவரைப் பற்றியும் இந்தச் சொல்லை எழுத மாட்டேன்.

அப்புறம் கில்லர், மர்டரர். உயிரைப் பறித்தவர் எவரும் கில்லர். சட்டத்துக்குப் புறம்பாக, வேண்டுமென்றே கொன்றால்தான் மர்டரர். தீர்ப்பு வருவதற்கு முன்பே ஒருவரை மர்டரர் என்று தலைப்பில் போடுவது பெரிய அநியாயம்.