அட்டையில் காலியாக இருந்த கட்டம்

என் மகளின் தடுப்பூசி அட்டையை நெகிழி உறை போட்டுப் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. முதல் பத்து வயதில் போட்ட ரண ஜன்னி ஊசி வரை ஒவ்வொரு கட்டத்திலும் தேதியும், மருத்துவரின் சுருக்கொப்பமும், மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சிறு சீட்டும் இருக்கின்றன. கடைசியில், "எச்.பி.வி., 9 முதல் 14 வயது" என்று அச்சிட்டிருந்த கட்டம், அதாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசிக்கான கட்டம் மட்டும் இரண்டு ஆண்டுகள் காலியாகவே கிடந்தது. அதைக் காலியாக விட்டவள் நான்தான். ஆகவே, பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இந்த ஊசிக்கு ஏன் தயங்குகிறார்கள் என்பதை நான் பிறரைப் பார்த்து எழுதவில்லை, என்னிலிருந்தே எழுதுகிறேன்.

பத்து வயது ஊசிக்குப் போயிருந்தபோது மருத்துவரிடம் அந்தக் கட்டத்தைக் காட்டிக் கேட்டேன். "இது கட்டாயமில்லை, விருப்பம் இருந்தால் போட்டுக்கொள்ளலாம்" என்றார். வெளியே இருபது குழந்தைகள் காத்திருந்தார்கள்; அவர் அதற்கு மேல் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. தட்டம்மைக்கும் இளம்பிள்ளை வாதத்துக்கும் யாரும் என் விருப்பத்தைக் கேட்டதில்லை. இதற்கு மட்டும் கேட்டதால், இது அவ்வளவு முக்கியமானதல்ல என்று நானே முடிவு செய்துகொண்டேன். வீட்டுக்கு வந்ததும் என் மாமியார், "என்ன ஊசி அது?" என்று கேட்டார். புற்றுநோய் வராமல் தடுக்கும் ஊசி என்றேன். "எந்த இடத்தில் வரும் புற்றுநோய்?" என்று அவர் அடுத்துக் கேட்டபோது, கூடத்தில் என் கணவரும் மகனும் இருந்ததால், என் குரல் தானாகவே தாழ்ந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு அன்றோடு நின்றது.

14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக இந்தத் தடுப்பூசியைப் போடப்போவதாகத் தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்த பிறகு, பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் நேரங்களில் இது மறுபடியும் பேச்சுக்கு வந்தது. ஒருவர், "இன்னும் வயதுக்கே வரவில்லை, அதற்குள் கர்ப்பப்பைக்கு ஊசியா?" என்று கேட்டார். நாளைக்குக் குழந்தை பிறக்காமல் போய்விட்டால் யார் பொறுப்பு என்று இன்னொருவர் கேட்டார். இரண்டு மகள்களைப் பெற்ற ஓர் அம்மா, இரண்டு பேருக்கும் இரண்டு இரண்டு தவணை என்றால் அந்த மாத வாடகை போய்விடும் என்று கணக்குச் சொன்னார். அது அறியாமை அல்ல, உண்மையான கஷ்டம். அரசு இலவசமாகப் போட வேண்டும் என்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. ஆனால் அன்று எல்லோரும் தலையசைத்தது வேறொருவர் சொன்னதற்கு. "அது தப்பான பழக்கத்தால் வருகிற நோயாமே, நம் பிள்ளைகளை நாம் அப்படியா வளர்க்கிறோம்?" என்றார் அவர்.

அந்தப் பேச்சைக் கேட்டபோது எனக்கு என் பெரியம்மாவின் நினைவு வந்தது.

பெரியம்மா திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் வாழ்ந்தவர். பதினேழு வயதில் திருமணம், நான்கு பிள்ளைகள், காலையில் தோட்டம், மாலையில் மாடு. பெரியப்பாவைத் தவிர வேறு ஆணிடம் முகம் பார்த்துப் பேசுவதற்கே கூச்சப்படுவார். மாதவிலக்கு நின்று மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் உதிரம் கண்டபோது, அது சூட்டினால் வந்தது என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தார். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்ய ஊருக்கு முகாம் வந்திருந்தது. கூப்பிட வந்த பெண்ணிடம், "எனக்கு ஒன்றும் இல்லை தாயி" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இடுப்பு வலி தாங்காமல் மதுரைக்கு அழைத்துப் போனபோது நோய் சிறுநீரகக் குழாய்களை நெருக்கத் தொடங்கியிருந்தது. கடைசி மாதங்களில் அந்த அறையில் வாடை தெரியக்கூடாது என்று என் அம்மா ஒரு நாளைக்கு நான்கு முறை துணி மாற்றுவார், சாம்பிராணி போடுவார். பெரியம்மா அதற்கும் வெட்கப்பட்டார். 53 வயதில் அவர் இறந்தபோது, என்ன நோய் என்று கேட்ட உறவினர்களுக்கு "வயிற்றில் கட்டி" என்றுதான் சொன்னோம்.

எச்.பி.வி. என்னும் வைரஸ் பாலுறவின் வழியாகப் பரவுகிறது என்பது உண்மை. அதை மறைத்துப் பேசத் தேவையில்லை. ஆனால் திருமணமும் பாலுறவுதான். தன் கணவர் ஒருவரோடு மட்டுமே வாழ்ந்த பெண்ணுக்கும் இந்தக் கிருமி வரும்; அவருக்கு எப்போது வந்தது என்பது அவருக்கே தெரிந்திருக்காது. உலகில் பாலுறவு கொள்ளும் ஆண்களிலும் பெண்களிலும் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இந்தத் தொற்று வந்து, எந்த அறிகுறியும் காட்டாமல், ஓரிரு ஆண்டுகளில் தானாகவே போய்விடுகிறது. சிலருக்குப் போகாமல் தங்கிவிடுகிறது. அப்படித் தங்கிய தொற்று புற்றுநோயாக மாறப் பதினைந்து, இருபது ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. இருநூறுக்கும் மேற்பட்ட வகைகளில் 16, 18 என்னும் இரண்டு வகைகளே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 விழுக்காட்டுக்குக் காரணம். இதைக் கண்டறிந்ததற்காகத்தான் ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்ததாகவும், ஏறத்தாழ 80,000 பேர் இறந்ததாகவும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மதிப்பிடுகிறது. இத்தனை பேரையும் "தப்பான பழக்கம்" என்ற இரண்டு சொற்களுக்குள் அடைப்பது என் பெரியம்மாவுக்குச் செய்யும் அநியாயம். என் மகளுக்கு நான் நல்லொழுக்கத்தைச் சொல்லித் தரலாம். அவள் மணக்கப்போகிறவரின் உடம்பில் முன்பே என்ன கிருமி இருந்தது என்பதை யாராலும் சொல்ல முடியாது, அவராலேயே சொல்ல முடியாது.

"இந்த வயதில் எதற்கு?" என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தடுப்பூசி ஏற்கெனவே வந்துவிட்ட தொற்றைக் குணப்படுத்துவதில்லை. கிருமி உடம்பைச் சேர்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே போட்டிருந்தால்தான் முழுப் பயன் கிடைக்கும். அதோடு, 9 முதல் 14 வயதுக்குள் உடம்பு எதிர்ப்பாற்றலைப் பெரியவர்களைவிட நன்றாகவே உண்டாக்கிக்கொள்கிறது என்பதால் அந்த வயதில் இரண்டு தவணை போதும் என்கிறார்கள். 15 வயதைத் தாண்டினால் வழக்கமாக மூன்று. குடைக்கு மழைக்காலம் வரும்வரை காத்திருக்காத நாம், ஊசிக்கு மட்டும் திருமணப் பேச்சு வரட்டும் என்று காத்திருக்கிறோம். ஊசியில் இருப்பது உயிருள்ள வைரஸும் அல்ல, செத்த வைரஸும் அல்ல. வைரஸின் மேலோட்டைப் போலச் செய்த வெறும் புரதக் கூடு. அதற்குள் மரபணுப் பொருள் இல்லாததால் அது தொற்றை உண்டாக்காது. கர்ப்பப்பைக்குள் போய் எதையும் செய்வதும் இல்லை. கையில் போடும் ஊசிதான். குழந்தைப் பேற்றை அது கெடுக்கும் என்பதற்கு, 2006 முதல் உலகெங்கும் கோடிக்கணக்கான பெண்களுக்குப் போட்டுப் பார்த்த பிறகும் எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. குழந்தைப் பேற்றை உண்மையிலேயே பறிப்பது அந்தப் புற்றுநோயும், அதற்காகக் கர்ப்பப்பையை எடுக்கும் அறுவையும், கதிர் சிகிச்சையும்தான்.

நம்ப மறுக்கும் பெற்றோர்களை நான் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் நம்பிக்கையை உடைத்த ஒரு நிகழ்வு நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. 2009-இல், அப்போது ஆந்திரப் பிரதேசத்தில் இருந்த கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் இந்த ஊசியை ஏறத்தாழ 24,000 சிறுமிகளுக்குப் போட்டார்கள். அவர்களில் ஏழு பேர் பின்னர் இறந்தார்கள். தண்ணீரில் மூழ்கியது, பாம்புக் கடி, பூச்சிக்கொல்லி என்று காரணங்கள் வெவ்வேறாக இருந்தன; விசாரணைக் குழு அந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணம் என்று காணவில்லை. ஆனால் அதே விசாரணையில் வேறொன்று வெளிவந்தது. ஆந்திரத்தில் பார்வையிட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763 படிவங்களில் கையெழுத்திட்டிருந்தவர்கள் விடுதிக் காப்பாளர்கள். அந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடம் ஒப்புதல் பெறவில்லை. இதை 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. மருந்தில் குற்றமில்லை என்பதால் அந்தச் செயல் சரியாகிவிடாது; பெற்றவர்களைக் கேட்காமல் பிள்ளைகளின் கையில் ஊசி போட்டது தவறு, அந்தத் தவறின் நிழல் பதினைந்து ஆண்டுகள் கழித்தும் நம் வீடுகளில் விழுகிறது. பள்ளியிலிருந்து ஒப்புதல் படிவம் வரும்போது நான்கு கேள்வி கேட்கும் பெற்றோரைப் பிற்போக்குவாதி என்று பேசுபவர்கள் கம்மத்தை மறந்துவிடுகிறார்கள்.

இதில் நான் படித்து வியந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அதே காலத்தில் இந்தியாவின் ஒன்பது இடங்களில், இரண்டு தவணை போதுமா மூன்று வேண்டுமா என்று அறிய வேறொரு ஆய்வு நடந்துகொண்டிருந்தது. அவற்றில் ஓரிடம் எங்கள் திண்டுக்கல் மாவட்டத்தின் அம்பிளிக்கை. கம்மம் விவகாரத்தால் 2010 ஏப்ரலில் ஊசி போடுவதையே நிறுத்தச் சொன்னபோது, ஏறத்தாழ 5,000 சிறுமிகள் ஒரே ஒரு தவணையோடு நின்றுவிட்டார்கள். ஆய்வாளர்கள் அவர்களை விட்டுவிடாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். 16, 18 வகைத் தொற்று நிலைத்துத் தங்குவதை ஒரு தவணையே ஏறத்தாழ மூன்று தவணைகளின் அளவுக்குத் தடுக்கிறது என்று 2021-இல் வெளியான முடிவுகள் காட்டின. சிறுமிகளுக்கு ஒரு தவணையும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் அறிவித்ததற்குத் துணைநின்ற சான்றுகளில் இதுவும் ஒன்று. ஒட்டன்சத்திரத்துச் சுற்றுவட்டாரத்தில் பாவாடை தாவணியும் சுடிதாரும் அணிந்து அன்று வரிசையில் நின்ற பெண்கள் இன்று முப்பதை நெருங்கியிருப்பார்கள், பலர் தாய்மார்களாக இருப்பார்கள். ஏழை நாடுகள் பலவற்றின் செலவைக் குறைத்த அறிவு அவர்கள் நீட்டிய கைகளிலிருந்து வந்தது. இதை நம் ஊர்ப் பள்ளிகளில் யாராவது பிள்ளைகளுக்குச் சொன்னால் என்ன?

பயம் பரவினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானைப் பார்க்கலாம். அங்கே 2013 ஏப்ரலில் வழக்கமான ஊசிகளில் இதைச் சேர்த்தார்கள். பக்கவிளைவு பற்றிய செய்திகள் பெருகியதால் இரண்டே மாதத்தில் பரிந்துரைப்பதை நிறுத்தினார்கள். 70 விழுக்காட்டை எட்டியிருந்த, ஊசி போட்டுக்கொள்ளும் சிறுமிகளின் அளவு ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. ஊசிதான் காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. ஆனாலும் பரிந்துரை திரும்ப வந்தது 2022 ஏப்ரலில்தான். ஸ்காட்லாந்திலோ, 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் வரவில்லை என்று 2024-இல் வெளியான ஆய்வு சொன்னது. நமக்குப் பக்கத்திலேயே இலங்கையில், 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குப் பள்ளியிலேயே போடுகிறார்கள்.

அப்பாக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பள்ளி வாசலில் நடந்த எல்லாப் பேச்சிலும் அவர்கள் இல்லை. பெண் பிள்ளையின் உடம்பு சம்பந்தப்பட்டது என்றால் அம்மா பார்த்துக்கொள்வாள் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். பணம் கொடுப்பதும் வேண்டாம் என்பதும் மட்டும் அவர்கள் கையில் இருக்கின்றன. என் கணவரிடம் ஓர் இரவு பெரியம்மாவின் நோய் உண்மையில் என்ன என்பதைச் சொன்னேன். திருமணமாகிப் பதினான்கு ஆண்டுகளில் அதை நான் அவரிடம் சொன்னதே இல்லை. அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சனிக்கிழமை நானும் வருகிறேன்" என்றார். மாமியாரிடம் மறுநாள் காலை அடுப்படியில் நானே சொன்னேன், இந்த முறை குரலைத் தாழ்த்தாமல். கடுகு வெடிப்பதை நிறுத்தும்வரை அவர் எதுவும் பேசவில்லை. பிறகு, தன் அக்காவும் அப்படித்தான் போனாள் என்றார்.

சனிக்கிழமை மாலை செவிலியர் குளிர்பெட்டியிலிருந்து ஊசியை எடுத்துக் காலாவதித் தேதியை என்னிடம் காட்டினார். என் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், கை வலித்தது என்றாள், அவ்வளவுதான். இந்த வயதில் சிலர் பயத்தில் மயங்கி விழுவதுண்டு என்று பதினைந்து நிமிடம் உட்காரச் சொன்னார்கள். அந்த நேரத்தில் அவள், "தம்பிக்கும் போடுவார்களா?" என்று கேட்டாள்; ஆண் பிள்ளைகளுக்கும் போடலாம், அவனுக்கு ஒன்பது வயது ஆகட்டும் என்றேன். "உங்களுக்குப் போட்டார்களா அம்மா?" என்று அடுத்துக் கேட்டாள். என் சிறுவயதில் இந்த ஊசியே கிடையாது என்றேன். "அப்படியானால் உங்களுக்கு வராதா?"

செவிலியர் என்னைப் பார்த்தார். முப்பது வயதுக்கு மேல் எல்லாப் பெண்களும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், ஊசி போட்டவர்களும்தான், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகச் செய்வார்கள் என்றார். தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் இதை ஒரு முறையாவது செய்துகொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொன்னது. எனக்கு 39 வயது; நானும் செய்துகொண்டதில்லை. பெரியம்மா சொல்லி அனுப்பியதைப் போலவே, எனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் இருந்திருக்கிறேன்.

அந்தக் கட்டத்தில் இப்போது ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது, அதற்கு அருகில் ஆறு மாதம் கழித்து வரும் இரண்டாம் தவணைத் தேதி பென்சிலில் எழுதியிருக்கிறது. அட்டையின் பின்பக்கம், என் மகள் தன் கையெழுத்தில், "அம்மா டெஸ்ட், செவ்வாய் காலை 9 மணி" என்று எழுதி வைத்திருக்கிறாள்.