ஆறு ஆறாக எண்ணும் வைரஸ்

நவம்பர் 8

பின்னேரம் முழுக்க மழை. கல்லடிப் பாலம் தாண்டி வரவேண்டிய பிள்ளைகள் வரவில்லை. சரி என்று சின்னமுத்து (தட்டம்மை) வைரஸைப் பற்றி வாசிக்க உட்கார்ந்தேன். அதன் ஆர்என்ஏ, அதாவது மரபுச் செய்தியைத் தாங்கும் இழை, 15,894 நியூக்கிளியோரைட்டு (இழையின் 'எழுத்து') நீளம். அது வெறுமனே கிடப்பதில்லை, முழு நீளத்துக்கும் நியூக்கிளியோ புரதம் ஏறியிருக்கும். ஒரு புரதம் 6 நியூக்கிளியோரைட்டைப் பிடிக்கிறது. 3 உள்ளே திரும்பியிருக்கும், 3 வெளியே. இப்படியே சுருண்டு போகிறது, சுற்றுக்குப் 12 புரதத்துக்குச் சற்று மேல்.

நவம்பர் 9

15,894ஐ 6ஆல் பிரித்தேன். 2,649, மிச்சம் இல்லை. கூகைக்கட்டு வைரஸ் 15,384. அதற்கும் மிச்சம் இல்லை!

இது தற்செயல் அல்ல. இவற்றின் உறவான சென்டாய் வைரஸை வைத்து 1993இல் கலேன், ரூ என்ற ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். நீளம் 6இன் மடங்காக இருந்தால்தான் ஆர்என்ஏ ஒழுங்காகப் பிரதியாகும். புரதம் ஒரு முனையிலிருந்து ஆறு ஆறாக ஏறிக்கொண்டு வருகிறது. பிரதி எடுக்கும் நொதியம் தொடங்குவதோ மறுமுனையில். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அந்த முனையில் எது எந்தப் புரதத்தின் எந்த மூலையில் இருக்கும் என்பது மாறிவிடும், நொதியத்துக்கு இடம் பிடிபடாது. விசர்நாய்க்கடி வைரஸின் புரதம் 9 பிடிக்கும், ஆனால் அதற்கு இந்தக் கட்டாயம் இல்லை.

நவம்பர் 12

உயர்தரம் படிக்கும் மருமகள் கேட்டாள்: "மாமி, புரதத்தை உரிச்சுப்போட்டு ஆர்என்ஏயை மட்டும் கலத்துக்குள்ள விட்டா நோய் வராதா?"

அருமையான கேள்வி. புகையிலை மொசைக் வைரஸில் வரும், 1956இலேயே காட்டிவிட்டார்கள். சின்னமுத்தில் வராது. அதன் ஆர்என்ஏயைக் கலத்தில் புரதம் செய்யும் ரைபோசோம் நேரடியாக வாசிக்க முடியாது, வைரஸின் சொந்த நொதியமும் புரதம் ஏறிய ஆர்என்ஏயை மட்டுமே வாசிக்கும். அப்படியிருக்க, இந்த நியூக்கிளியோ புரதத்தை வெறும் 'பாதுகாப்பு உறை' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவது எனக்குப் போதவே போதாது. புதிதாக உண்டாகும் புரதம் கலத்தின் ஆர்என்ஏயில் போய் ஒட்டிவிடாமல் பொஸ்போ புரதம் என்ற இன்னொன்று அதைப் பிடித்து வைத்திருந்து, வெளிவரும் வைரஸ் ஆர்என்ஏயில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

நவம்பர் 13

அக்காவின் பேரனுக்கு 9 மாதம், இன்றைக்கு எம்எம்ஆர் முதல் ஊசி. அடுத்தது 3 வயதில். ஊசியில் உள்ள வலுக்குறைத்த சின்னமுத்து வைரஸின் நீளமும் 15,894தான். அதே ஊசியில் கூகைக்கட்டும் ருபெல்லாவும் இருக்கின்றன. ருபெல்லா வேறு சாதி, அதன் ஆர்என்ஏயை ரைபோசோம் நேரே வாசிக்கும் என்றேன். மருமகள் கொப்பியைத் திறந்து அதைப் புகையிலை வைரஸின் பக்கத்தில் எழுதினாள்.