அசையாத காகிதத் துண்டு

எம்.ஏ. ஆங்கிலம் முதல் வருடம், ஒலியியல் வகுப்பு. பேராசிரியர் எங்கள் எல்லோரையும் நோட்டிலிருந்து ஒரு சின்னத் துண்டு கிழித்து வாய்க்கு முன்னால் பிடிக்கச் சொன்னார். 'பின்' (pin) என்று சொன்னால் வாயிலிருந்து வரும் காற்றில் காகிதம் அசையும், 'ஸ்பின்' (spin) என்று சொன்னால் அசையாது, இதுதான் ஒரே ஒலியனின் (பொருளை வேறுபடுத்தும் ஒலியின்) இரண்டு மாற்றொலிகள் என்றார். நாற்பது பேர் 'பின்' சொன்னோம். ஒரு காகிதமும் அசையவில்லை. அவர் சொன்னபோதும் அசையவில்லை என்பதுதான் வேடிக்கை. "இங்கிலாந்துக்காரன் சொன்னால் அசையும்" என்று முடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். பரீட்சையில் நானும் அப்படியே எழுதி மார்க் வாங்கினேன். மாற்றொலி என்றால் என்னவென்று மட்டும் புரியவில்லை.

இப்போது அதே தாளை நான் நடத்துகிறேன். 'எந்த புக் வாங்கலாம்' என்று ஜூன் மாதமானால் கேட்கிறார்கள், ஆளாளுக்குத் தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால்தான் இந்தப் பதிவு.

இலக்கணத்துக்கு வீட்டில் ரென் அண்ட் மார்ட்டின் இருக்கும், அப்பா காலத்துப் பிரதியாகக்கூட இருக்கலாம். இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகளின் பிள்ளைகளுக்காக 1930-களில் எழுதிய புத்தகம் அது. வாக்கியத்தைப் பிரித்துப் பெயர் வைக்கக் கற்றுத்தரும், பேசவோ எழுதவோ அதை நம்பி இறங்க வேண்டாம். ரேமண்ட் மர்ஃபியின் நீலப் புத்தகம் ('இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்', 1985-ல் முதல் பதிப்பு) வேறு ரகம். இடது பக்கம் விளக்கம், வலது பக்கம் பயிற்சி, அவ்வளவுதான், ஆசிரியர் இல்லாமலே ஓட்டலாம். திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோடு பிளாட்பாரத்தில் நான் வாங்கிய பழைய பிரதியில் யாரோ பென்சிலால் ஒழுங்காக விடை எழுதிக்கொண்டே வந்து, பிரசன்ட் பர்ஃபெக்ட் ('I have come' மாதிரியான வடிவம்) வந்ததும் நிறுத்தியிருந்தார். அதற்கப்புறம் பக்கங்கள் வெள்ளை. அவர் மேல் எனக்கு இன்றும் அனுதாபம் உண்டு. 'வந்திருக்கிறேன்' என்பதை அந்த இங்கிலீஷ் வடிவத்தோடு அப்படியே பொருத்திப் பார்த்தால் பாதி இடத்தில் சரியாக வரும், மீதி இடத்தில் காலை வாரிவிடும். 'நேற்றே வந்திருக்கிறான்' என்று நாம் தாராளமாகச் சொல்வோம், இங்கிலீஷில் 'நேற்று' வந்தாலே அந்த வடிவம் கூடாது.

மொழியியலுக்கு ஜார்ஜ் யூலின் 'தி ஸ்டடி ஆஃப் லாங்குவேஜ்' போதும். சின்னச் சின்ன அத்தியாயங்கள், மொழி எப்படித் தோன்றியது என்பதில் ஆரம்பிக்கும், கதை மாதிரி படிக்கலாம். ஒலியியலுக்கு டி. பாலசுப்ரமணியன் 1981-ல் இந்திய மாணவர்களுக்கென்றே எழுதிய பாடநூல். நம் ஊர் வகுப்பறைகளில் அடிபட்டு அடிபட்டு அட்டை கிழிந்த புத்தகம் அதுதான். அப்புறம் பீட்டர் ரோச்சின் 'இங்கிலீஷ் ஃபொனெடிக்ஸ் அண்ட் ஃபொனாலஜி', முடிந்தால்.

ஆனால் எதை வாங்கினாலும் ஒரு வேலை பாக்கி இருக்கும். இந்தப் பாடங்களில் வழக்கமாகச் சொல்லும் உதாரணங்கள் இங்கிலீஷ் காதுக்கென்று அமைந்தவை. இங்கிலாந்துக்காரனுக்கு 'பின்'னில் வரும் காற்று தன்னையறியாமல் வருவது, அதைச் சுட்டிக்காட்டினால் 'அட' என்பான். நமக்கு அந்தக் காற்றே கிடையாது, எதைப் பார்த்து 'அட' என்பது? நமக்கு 'அட' வேறு இடத்தில் இருக்கிறது. போர்டில் 'பம்பரம்' என்று எழுதிவிட்டு, இதில் இருக்கும் இரண்டு 'ப'வும் ஒன்றா என்று கேட்பேன். ஒன்றுதான் என்பார்கள். மெதுவாகச் சொல்லிப் பாருங்கள் என்பேன். முணுமுணுப்பு எழும், பின் பெஞ்சில் யாராவது சிரிப்பார்கள். முதல் 'ப' 'பல்'லில் வருவது, இரண்டாவது 'பஸ்'ஸில் வருவது. அடுத்து கல், தங்கம், பகல்: ஒரே 'க', மூன்று ஒலி. இத்தனை வருடம் நாமே உச்சரித்தும் காதில் விழாமல் போனது ஏனென்றால், சொல்லின் பொருளை மாற்றும் வேலை அந்த வித்தியாசத்துக்குத் தமிழில் இல்லை. மாற்றொலி என்பது இவ்வளவுதான்.

ஒலி மாற்றங்களும் அப்படித்தான். 'டென் பாய்ஸ்' வேகத்தில் 'டெம் பாய்ஸ்' ஆவதற்கு ஒரு பெயர், 'நெக்ஸ்ட் டே'யில் ஒரு 'ட்' காணாமல் போவதற்கு ஒரு பெயர், 'லா அண்ட் ஆர்டர்' நடுவில் ஒரு 'ர்' முளைப்பதற்கு ஒரு பெயர் என்று மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் பஸ்ஸில்தான் உறைத்தது, இது நன்னூல் சொல்லும் திரிதல், கெடுதல், தோன்றல். மரம் + கள் மரங்கள், மரம் + வேர் மரவேர், மணி + அடித்தது மணியடித்தது. பள்ளியில் தமிழய்யா பிரம்போடு நின்று சொல்லிக்கொடுத்ததுதான்! (ஒன்றுக்கொன்று அச்சு அசலாகப் பொருந்திவிடாது, ஆனால் உள்ளே நுழைய வழி கிடைக்கும்.)

கட்டுரை எழுதும் விஷயம் கொஞ்சம் சோகம். எங்கள் ப்ராஜெக்ட்டுகளின் முதல் அத்தியாயம் எழுத்தாளர் பிறந்த ஊரில் தொடங்கி, வாங்கிய பரிசுகள் வழியாகப் பத்துப் பக்கம் போகும். ஆய்வு என்ன என்பது பதினோராம் பக்கத்தில் வரலாம். ஜான் ஸ்வேல்ஸும் கிறிஸ்டின் ஃபீக்கும் முதுகலை மாணவர்களுக்கு எழுதிய புத்தகம் ('அகாடமிக் ரைட்டிங் ஃபார் கிராஜுவேட் ஸ்டூடண்ட்ஸ்', 1994) இதற்கு நல்ல மருந்து. முன்னுரைக்கு மூன்று அடிதான்: இந்தக் களம் முக்கியம், இதில் இன்ன இடம் காலியாக இருக்கிறது, அதை நான் நிரப்புகிறேன். நம் பழைய நூல்களின் முன்னுரையான பாயிரத்திலும் நூலாசிரியர் பெயர், வழி, எல்லை, பயன் என்று எட்டு கேட்பார்கள், ஆனால் 'முன்னவர்கள் விட்டது எது' என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை. நம் மாணவர்கள் தடுக்கி விழுவதும் அங்கேயேதான். பெரியவர்கள் எழுதியதில் குறை இருக்கிறது என்று எழுதக் கை வராது.

மேற்கோளும் நூற்பட்டியலும் எழுதும் முறையைச் சொல்லும் எம்.எல்.ஏ. (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்) கையேட்டை மட்டும் புதுப் பதிப்பாகப் பாருங்கள். ஒவ்வொரு நூல் குறிப்பின் முடிவிலும் 'பிரிண்ட்' என்று போடும் வழக்கத்தை 2016-ல் வந்த எட்டாம் பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறமும் அது இல்லையென்று ஓர் இடத்தில் என் மாணவனின் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பினார்கள். போட்டுக் கொடுத்தோம், வேறென்ன செய்வது.

போன வருடம் வழக்கம்போல அந்தக் காகிதத் துண்டையும் கிழிக்கச் சொன்னேன், வழக்கம்போல எதுவும் அசையவில்லை. வீட்டில் மார்வாடி பேசும் ஒரு பெண் எழுந்து, "சார், ஹிந்தியில பழத்துக்கு ஒரு சொல் இருக்கே, அதுல இந்தக் காத்து வரும், காத்து இல்லாம சொன்னா 'கணம்'னு அர்த்தம் மாறிடும்" என்று சொல்லிவிட்டு, காகிதத்தை முகத்துக்கு நேரே பிடித்து அந்தச் சொல்லைச் சொன்னாள். காகிதம் படக்கென்று மடங்கியது. மீதி வகுப்பு நேரம் முழுக்க எல்லோரும் அவளிடம்தான் பாடம் கேட்டார்கள்.