மிஸஸ் ஃபேர்ஃபேக்ஸ் சொன்னதும் நான் சொன்னதும்

கிளாஸ்ல சார்லட் பிராண்டியோட ஜேன் அயர் நாவல் எடுக்குறவங்களுக்கு தெரியும், 24ஆவது அத்தியாயத்துல கிளாஸ்ல கண்டிப்பா ஒரு சிரிப்பு வரும். வீட்டோட தங்கி பாடம் சொல்லிக்குடுக்குற கவர்னஸ் ஜேன். அவளுக்கும் அந்த வீட்டு முதலாளி ரோச்செஸ்டருக்கும் கல்யாணம் முடிவானதும் அவன் அவள பட்டுக்கடைக்கு இழுத்துட்டுப் போய் செவ்வந்திக்கல் கலர்ல ஒண்ணு, ரோஸ் சாட்டின் ஒண்ணுன்னு எடுக்குறான், இவ மல்லுக்கட்டி கருப்பு சாட்டினுக்கும் சாம்பல் பட்டுக்கும் இறக்கிட்டு வர்றா, நான் பாட்டுக்கு கவர்னஸ் வேலையே பாக்குறேன், வருஷத்துக்கு 30 பவுண்ட் குடுங்க, அதுல என் துணிய நானே எடுத்துக்குறேன்ங்குறா. "முப்பது பவுனா மேம்? வாங்குறாளா, போடுறாளா?" அந்த வருஷம் இதக் கேட்டது கிளாஸ்ல ஒரு பொண்ணு.

போட்டது வேற ஒருத்தி, ஜமைக்காலேருந்து 30,000 பவுண்டோட வந்த பெர்த்தா, ரோச்செஸ்டர் முன்னாடியே கட்டுன பொண்டாட்டி, அவளத்தான் மூணாவது மாடில பூட்டி வச்சிருக்கான்னு சொன்னேன். சொத்து பிரியக் கூடாதுன்னு மொத்தத்தையும் மூத்தவனுக்கு விட்டுட்டு இளையவன் ரோச்செஸ்டருக்கு பணக்கார சம்பந்தமா பாத்து முடிச்ச அப்பன். மாடிலேருந்து வர்ற அந்த ராத்திரி சிரிப்பு, ரோச்செஸ்டர் கட்டில்ல பத்துன தீ, எல்லாத்துக்கும் அடில இருக்குறது இந்தக் கணக்குதான்னு கொஞ்சம் ஜோராவே பேசினேன்னு நெனைக்கிறேன். 1847ல ஆம்பள மாதிரி தெரியுற ஒரு பேர்ல புக் வந்தது, சார்லட்டே ரெண்டு வீட்டுல கவர்னஸா இருந்தது, எல்லாம் சொன்னேன்.

கிளாஸ் முடிஞ்சதும் படிக்கட்டுல பின்னாடியே வந்தா. "மேம், அந்த மாதிரி இடத்துல இருக்குறவங்க நெஜமாவே கட்டிப்பாங்களா?"

பையன் யாருன்னு எனக்குத் தெரியும். டவுன்ல ஜவுளிக்கடை வச்சிருக்குற வீடு. இவ அம்மா வீட்டுல ஜாக்கெட் தைக்கிறாங்க. நான் சொன்னது இவ்ளோதான்: "பாத்து இரும்மா. இடம் சமமா இருந்தாதான் பின்னாடி கஷ்டமில்ல. கொஞ்சம் தள்ளியே இரு." சரி மேம்னு போயிட்டா.

இடம்னுதான் சொன்னேன், வேற ஒண்ணும் சொல்லல. ஆனா நம்ம ஊர்ல அந்த வார்த்தைக்குள்ள என்னென்ன இருக்குன்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பஸ்ல போகும்போதுதான் உறைச்சுது. அதே அத்தியாயத்துல, பட்டுக்கடைக்கு முன்னாடி, ரோச்செஸ்டர் வீட்டு ஹவுஸ்கீப்பர் மிஸஸ் ஃபேர்ஃபேக்ஸ் ஜேன்கிட்ட சொல்றது கிட்டத்தட்ட இதுதான். அந்தஸ்தும் சொத்தும் சமமா இருக்குறது நல்லது, இருபது வயசு வித்தியாசம் வேற, அவர கொஞ்சம் தள்ளியே வை. நெஜமாவே ஆசைப்பட்டுதான் கட்டிக்கிறாரான்னும் கேக்குறாங்க, ஜேனுக்கு அழுகையே வந்துடுது. இவங்களத்தான் நான் வருஷா வருஷம் போர்டுல "வர்க்கத்தின் குரல்"னு எழுதிப் போடுறேன். இத்தனைக்கும் அவங்க புருஷன் வழில ரோச்செஸ்டருக்கு தூரத்து சொந்தம், ஆனா அத வச்சு உரிமை எடுத்துக்க மாட்டேன், நான் வெறும் ஹவுஸ்கீப்பர்ம்பாங்க. (கெஸ்ட் லெக்சரரா ஸ்டாஃப் ரூம்ல கதவோரமா நாற்காலி போட்டு உக்காந்திருக்குறவங்களுக்கு அந்தம்மாவ நல்லாவே புரியும்.)

ஆனா அவங்க சொன்னது தப்பில்லையே? மாடில பொண்டாட்டி இருந்தாளே. இப்படித்தான் கொஞ்ச நாள் என்னையே சமாதானப்படுத்திக்கிட்டேன்.

அப்புறம் 27ஆவது அத்தியாயம் வந்துச்சு. மிஸஸ் ஃபேர்ஃபேக்ஸுக்கு ஏதோ சந்தேகம் இருந்திருக்கலாம், சரியா எதுவும் தெரிஞ்சிருக்காதுன்னு ரோச்செஸ்டரே சொல்ற எடம். படிச்சுக்கிட்டு இருக்கும்போதே எனக்கு தொண்டை கட்டிக்கிச்சு. ஏன்னா எனக்கும் பாதி தெரியும். அந்தப் பையனுக்கு சொந்தத்துலயே பொண்ணு பேசி வச்சிருக்காங்கன்னு ஸ்டாஃப் ரூம்ல காதுல விழுந்திருந்துச்சு. உறுதியா தெரியாத விஷயத்த எப்படி சொல்றதுன்னு விட்டுட்டேன், அது நியாயம்தான்னு இப்பவும் தோணுது. ஆனா அதச் சொல்லாம அவ இடத்தச் சொன்னேன் பாருங்க, அதுதான் அரிக்குது. தெரிஞ்சத சொல்லியிருந்தா கோவம் அவன் மேல போயிருக்கும், நான் சொன்ன விதத்துல தப்பு அவ மேலன்னு ஆயிடுச்சு.

அதுக்கப்புறம் கிளாஸ்ல அவ எதுவும் கேக்கல. கடைசி நாள் மட்டும் வந்து, "ஜேன் மடைராவுல இருக்குற அவ அப்பா கூடப்பொறந்தவருக்கு லெட்டர் போடலேன்னா அந்தக் கல்யாணம் நடந்திருக்கும்ல மேம்?"னா. நடந்திருக்கும்னேன். எனக்குன்னு கொஞ்சம் பணம் இருந்தா இப்படி பொம்ம மாதிரி நிக்க வேண்டாமேன்னு நெனச்சுதான் ஜேன் அந்த லெட்டரே போடுறா, அந்த நியூஸ்தான் பெர்த்தாவோட கூடப்பொறந்தவன் காதுக்குப் போய் சர்ச்ல கல்யாணத்த நிறுத்துது. "யாரும் அவகிட்ட நேரா சொல்லல, இல்ல மேம்?"னு கேட்டுட்டு பேக மாட்டிக்கிட்டா. கேள்வி எனக்கா ஜேனுக்கான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

இந்த வருஷம் 24 வந்தப்ப ஹவுஸ்கீப்பர் பேசுற ரெண்டு பக்கத்த தாண்டி நேரா பட்டுக்கடைக்கு போயிட்டேன். அது எக்ஸாம்ல வராதுன்னு சொன்னேன். போன வருஷம் அஞ்சு மார்க்ல வந்துச்சு.