கட்டைவிரல் நகத்தில் ஆறு கோடுகள்

கழுத்தின் இடப்பக்கம் நெறி கட்டியிருந்ததை நான் இரண்டு மாதம் பொருட்படுத்தவில்லை, ஏனெனில் அது வலிக்கவே இல்லை. சொத்தைப் பல்லின் வேலை என்று எண்ணி, தோட்டத்து லயத்தில் வளர்ந்த பழக்கத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தேன். எலுமிச்சை அளவுக்கு வந்த பிறகுதான் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் போனேன். வலிக்காத கட்டியையும் உடனே காட்ட வேண்டும் என்பது, படிவம் நான்கு மாணவர்களுக்கு உயிரியல் நடத்தி ஓய்வுபெற்ற எனக்குத் தோன்றாமல் போனதை இன்றும் வெட்கத்தோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

திசுச் சோதனையில் அது வேகமாகப் பெருகும் பி-உயிரணு லிம்ஃபோமா, அதாவது வெள்ளணுக்களில் தோன்றும் ஒரு வகைப் புற்றுநோய் என்று தெரிந்தது. அறிக்கையில் ‘கீ-67: 80 விழுக்காடு’ என்று ஒரு வரி இருந்தது. கீ-67 என்பது பிளவுச் சுழற்சியில் இறங்கிவிட்ட உயிரணுவின் உட்கருவில் தென்படும் புரதம். ஓய்ந்திருக்கும் உயிரணுவில் அது இராது. ஜெர்மனியின் கீல் நகரத்தில் கண்டறியப்பட்டதால் அப்பெயர் வந்தது. என் கட்டியில் நூற்றுக்கு எண்பது உயிரணுக்கள் பிளந்துகொண்டோ, பிளவுக்கு ஆயத்தமாகிக்கொண்டோ இருந்தன என்பதே அந்த வரியின் பொருள். நான் அரண்டுபோனதைக் கண்ட மருத்துவர், மெல்ல வளரும் லிம்ஃபோமாக்கள் அடங்கியடங்கித் திரும்ப வருவதுண்டு என்றும், ஓயாமல் பிளக்கும் இந்த வகை மருந்தின் கையில் எளிதாக அகப்படும் என்றும் விளக்கினார்.

ஐந்து மருந்துகள் சேர்ந்த அந்தச் சிகிச்சைக்கு ஆர்-சாப் என்று பெயர். 21 நாளுக்கு ஒரு முறை, மொத்தம் ஆறு சுற்று. டாக்சோரூபிசின் சிராப் தண்ணீரைப் போலச் சிவப்பாக ஊசிக்குழாயில் வந்தது. மறுநாள் வரை சிறுநீரும் அந்த நிறத்திலேயே போனது. அதுவும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தி, படி எடுக்க முடியாதபடி செய்கின்றன. நிறமே இல்லாமல், 2 மில்லிகிராம் மட்டும் ஏறிய வின்கிரிஸ்டின்தான் என்னை வியக்க வைத்தது. உயிரணு பிளக்கும்போது 46 குரோமோசோம்களின் இரட்டைப் படிகளையும் இரு பக்கமாக இழுத்துப் பிரிப்பவை கதிர்கோல் இழைகள். அந்த இழைகள் கட்டப்படாமல் வின்கிரிஸ்டின் தடுத்துவிடுவதால், உயிரணு பாதிப் பிளவில் சிக்கி மடிகிறது. கரும்பலகையில் ஆண்டுதோறும் நான் வரைந்த அதே இழைகள்.

அந்த மருந்து நித்தியகல்யாணியிலிருந்து வருவது. நீரிழிவுக்கு உதவுமா என்று அந்தச் செடியை ஆராய்ந்த கனடா நாட்டு ராபர்ட் நோபிளும் சார்ல்ஸ் பீரும், எலிகளின் வெள்ளணுக்கள் குறைவதைக் கண்டு, 1958இல் வின்கிரிஸ்டினின் உடன்பிறப்பான வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். எங்கள் தாமான் வீட்டு வாசலில் அது தானாக முளைத்துப் பூத்துக் கிடக்கிறது. அடுத்த வீட்டு அக்கா, “வாசல்லயே இருக்கே தம்பி, நாலு இலையை அவிச்சுக் குடிச்சிடேன்” என்றார். சில கிராம் மருந்துக்கு டன் கணக்கில் காய்ந்த இலை வேண்டும் என்பதையும், அளவு தெரியாமல் குடித்தால் அது நஞ்சு என்பதையும் அவருக்குப் புரியவைக்க ஒரு மாலைப்பொழுது ஆயிற்று.

21 நாள் என்ற கணக்கின் பொருளை என் உடம்பே கற்றுத் தந்தது. மருந்துக்குப் புற்றுயிரணு, நல்லுயிரணு என்ற பேதம் அதிகம் இல்லை. பிளப்பது எதுவோ அதைத் தாக்கும். சில நாளுக்கொரு முறை புதுப்பிக்கப்படும் வாயின் உட்தோல் முதலில் வெந்தது; ஆறிய கஞ்சி தவிர எதுவும் இறங்கவில்லை. மூன்றாம் வாரத்தில் தலையணையெல்லாம் முடி. எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோஃபில்களை, அதாவது கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களை, உருவாக்குகிறது. வெளியே வந்தவை சில நாள்கூடத் தாங்குவதில்லை. ஆகவே, இருப்பு தீர்ந்து, ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போகிறது. மஜ்ஜையின் மூல உயிரணுக்கள் பெரும்பாலும் உறங்கிக் கிடப்பதால் தப்பிப் பிழைத்து, 21ஆம் நாளுக்குள் மீண்டும் நிரப்பிவிடுகின்றன. புற்றுயிரணுக்களால் அவ்வளவு விரைவில் எழுந்துவர முடிவதில்லை.

இரண்டாம் சுற்றின் பத்தாம் நாள் இரவு எனக்கு 38.4 பாகை காய்ச்சல். அருகிலிருந்த ஒரு கிளினிக்கில் கீமோ எடுப்பதாகச் சொல்லியும், காய்ச்சல் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். என் மனைவிக்கு மனம் ஒப்பவில்லை. “ஏங்க, 38க்கு மேல போனா உடனே வரணும்னு தாதி எழுதிக் கொடுத்தது என்னத்துக்கு?” என்று அந்த அட்டையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நள்ளிரவில் ஈப்போ போய்ச் சேர்ந்தபோது, மைக்ரோலிட்டருக்கு 2,000க்கு மேல் இருக்க வேண்டிய நியூட்ரோஃபில் 300தான் இருந்தது. ஐந்து நாள் வார்டு. இரத்தக் குழாயில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து. அடுத்த சுற்றிலிருந்து மஜ்ஜையைத் தூண்டும் ஊசியை வயிற்றில் போட்டுக்கொண்டேன். அது வேலை செய்வதை மார்பெலும்பிலும் இடுப்பெலும்பிலும் உள்ளிருந்து இடிக்கும் வலியே தெரிவித்தது.

நான்காம் சுற்றில் சட்டைப் பொத்தானை மாட்ட முடியாமல் விரல் நுனிகள் மரத்தன. முதிர்ந்த நரம்பணு பிளப்பதில்லையே, அதை வின்கிரிஸ்டின் ஏன் தாக்குகிறது என்று யோசித்தேன். கதிர்கோல் இழைகள் எந்த நுண்குழாய்களால் ஆனவையோ, அதே குழாய்கள்தாம் நீண்ட நரம்பிழைக்குள் பொருள்களைக் கொண்டுசெல்லும் தண்டவாளமும் ஆகும். கடைசி இரு சுற்றுகளில் அளவைக் குறைத்தார்கள்.

அந்த நாட்களில்தான் கட்டைவிரல் நகத்தில் குறுக்கே ஒரு பள்ளத்தைக் கண்டேன். ஒவ்வொரு சுற்றிலும் நகவேரில் உயிரணுப் பிளவு சில நாள் தடைப்படுவதால், அவ்வப்போது ஒரு கோடு விழுகிறது. மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும் நகத்தில் கோட்டுக்குக் கோடு சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளி. அளவுகோல் வைத்துப் பார்த்தேன், கணக்கு ஒத்துவந்தது. சிகிச்சை முடிந்தபின் எடுத்த ஸ்கேனில் கட்டி தெரியவில்லை. மூன்று மாதத்துக்கொரு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள். முதல் ஐந்து கோடுகளையும் ஒவ்வொன்றாக வெட்டியெறிந்தாயிற்று. ஆறாவது இப்போது நுனிக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே நிற்கிறது.